நெடிலுக்கு இடம் விட்ட பாட்டு

கானா பாலாவின் குரலை இரண்டு படங்களில் அடுத்தடுத்துக் கேட்க வேண்டும். 2012இல் வந்த 'அட்டகத்தி'யில் 'நடுக்கடலுல கப்பல'. 2014இல் வந்த 'மெட்ராஸ்' படத்தில் 'இறந்திடவா நீ'. பாடியவர் ஒருவரே. இரண்டுக்கும் இசை சந்தோஷ் நாராயணன், இயக்கம் பா. இரஞ்சித். இடையில் இரண்டே ஆண்டுகள்தான். அந்த மூக்கொலி மாறவில்லை, பேட்டைப் பேச்சின் சாயல் மாறவில்லை, வரியின் முடிவில் லேசாக உடையும் அந்தக் கரகரப்பும் அப்படியே இருக்கிறது. ஆனாலும் வேறொரு மனிதர் பாடுவதுபோல் இருக்கிறது. எது மாறியது என்று தேடிப் போனால் கிடைப்பது மிகச் சிறிய ஒன்று: இரண்டாவது பாட்டில் நெடிலுக்கு நேரம் கிடைத்திருக்கிறது.

குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, ஒற்றுக்கு அரை என்று தொல்காப்பியம் அளந்து வைத்தது. வேகமான கானாவில் இந்தக் கணக்கு சுருங்கிப்போகும். தாளம் முன்னால் ஓட, சொல் பின்னால் துரத்தும். துரத்தும் அவசரத்தில் நெடில் பாதியாகி விடும். அங்கே ஆட்சி செய்வது வல்லின ஒற்றுதான். 'நடுக்கடலுல கப்பல' என்ற பெயரையே வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஒரு க்க, ஒரு ப்ப, இரண்டும் இரண்டு அடி. டோலக்கில் விழும் அடியும் நாக்கில் விழும் ஒற்றும் ஒரே இடத்தில் சேர்கின்றன. கேட்பவனின் கால் தானாக எழுவது அந்தச் சேர்க்கையால்தான். கானா பாலா இதில் கைதேர்ந்தவர். எந்த எழுத்தை முழுங்க வேண்டும், எதை அடிக்க வேண்டும் என்பது அவர் தொண்டைக்கே தெரியும். மூச்சு வாங்கும் இடத்தைக்கூடக் கேட்பவர் கவனிக்காதபடி ஒரு மெய்யெழுத்துக்குப் பின்னால் ஒளித்து வைப்பார்.

'இறந்திடவா நீ' படத்தில் அன்பு என்பவன் கொலையுண்ட பிறகு வருகிறது. வியாசர்பாடியின் ஹவுசிங் போர்டு வீடுகளுக்கு நடுவே, ஒரு சுவருக்காக நடக்கும் அரசியலில், அந்த இளைஞன் போய்விடுகிறான். இங்கே அதே தொண்டை எதையும் முழுங்கவில்லை. தலைப்பின் கடைசிச் சொல்லான 'நீ' ஓர் எழுத்துத்தான். வேகப் பாட்டில் அது வந்ததே தெரியாமல் போயிருக்கும். இங்கே அது நிற்கிறது. எதிரே இல்லாத ஒருவனை விளிக்கும்போது அந்த ஈகாரத்துக்கு எவ்வளவு நீளம் வேண்டுமோ அவ்வளவு கிடைக்கிறது. மூச்சு வாங்கும் இடமும் இப்போது ஒளிந்துகொள்ளவில்லை. அழுதவன் மூச்சுவிடுவது எப்படிக் கேட்குமோ அப்படிக் கேட்கிறது.

'மெட்ராஸ்' பாட்டுகளின் பெயர்களே இந்த மாற்றத்தைச் சொல்கின்றன. உமாதேவி எழுத, சக்திஸ்ரீ கோபாலனும் தீக்ஷிதாவும் பாடிய 'நான் நீ' என்ற பெயரில் இரண்டே சொற்கள். இரண்டும் நெடில், இரண்டும் நகரத்தில் தொடங்குபவை. வல்லினம் என்று ஒன்று அதில் இல்லவே இல்லை. அடுத்து 2016இல் 'கபாலி'க்கு உமாதேவியே எழுதிய 'மாய நதி'யின் முதல் சொல்லிலும் மகரத்தின் நெடில், பிறகு யகரத்தின் மென்மை. வேகத்தைக் குறைத்ததும் சொல்லின் தேர்வு மாறிவிடுகிறது. மெதுவான தாளத்தில் 'ட்ட'வும் 'க்க'வும் தனியே துருத்தி நிற்கும். லகரமும் மகரமும் னகரமும்தான் அந்த இடைவெளியில் மிதக்கத் தெரிந்தவை. இசையமைப்பாளர் தாளத்தைத் தளர்த்தினார் என்றால் கவிஞரும் எழுத்தைத் தளர்த்தினார்.

வேகத்தில் பெயர் வாங்கிய இசை ஒரு கட்டத்தில் நிதானிப்பது உலகெங்கும் நடந்திருக்கிறது. அமெரிக்காவின் பாப்-பங்க் அதற்கு நல்ல சாட்சி. மூன்று நான்கு கிடார் கார்டுகள், விடாமல் ஓடும் டிரம், பதின்வயதின் குறும்பும் கோபமும், எளிதில் வாயில் ஒட்டிக்கொள்ளும் மெட்டு என்பதுதான் அதன் இலக்கணம். அந்த வகையின் முன்னணிக் குழுவான கிரீன் டே 1997இல் 'நிம்ராட்' தொகுப்பில் 'குட் ரிடன்ஸ்' என்ற பாட்டை வெளியிட்டது. பில்லி ஜோ ஆம்ஸ்ட்ராங்கின் குரல், ஓர் அக்கூஸ்டிக் கிடார், பின்னால் வயலின் குடும்பத்தின் தந்திகள், அவ்வளவுதான். தொடக்கத்தில் அவர் கிடாரில் தடுமாறுவதும் வாய்க்குள் திட்டிக்கொள்வதும் பதிவில் அப்படியே விடப்பட்டிருக்கின்றன. டிரம் முழங்கும் பாட்டில் அந்தத் தடுமாற்றம் யார் காதிலும் விழுந்திராது. நிதானம் வந்ததும் விரல் தவறியதுகூடப் பாட்டின் உறுப்பாகி விட்டது.

பிளிங்க்-182 இன்னும் தெளிவான உதாரணம். 1999இல் இளைஞர் குறும்பின் உச்சமாக ஒரு தொகுப்பைத் தந்து உலகப் புகழ் பெற்ற மூவர் அவர்கள். 2003 நவம்பரில் பெயரே வைக்காத ஒரு தொகுப்பை வெளியிட்டார்கள். அதில் 'ஐ மிஸ் யூ' என்ற பாட்டு இருக்கிறது. மின்சாரக் கிடார் அடங்கி, நிற்க வைத்து வாசிக்கும் பெரிய மரப் பேஸும் பியானோவும் செல்லோவும் வந்து உட்கார்ந்தன. அதைவிட நுட்பமானது டிராவிஸ் பார்க்கரின் கை. உலகின் வேகமான டிரம்மர்களில் ஒருவர் என்று பேசப்படும் அவர் இந்தப் பாட்டில் குச்சியை வைத்துவிட்டுக் கம்பித் தூரிகையால் தோலை வருடுகிறார். அடிக்கும் கை தடவக் கற்றுக்கொண்டதைக் கேட்கலாம். அந்தச் சரசரப்புக்கு மேலே மார்க் ஹாப்பஸின் தாழ்ந்த குரல் ஒரு பக்கம், டாம் டிலாங்கின் உயர்ந்த குரல் மறுபக்கம் என்று வருகின்றன. வேகப் பாட்டுகளில் ஒன்றோடொன்று முட்டிக்கொண்ட இருவரும் இங்கே ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் காத்திருக்கிறார்கள்.

அதே தொகுப்பில் இன்னொரு நுணுக்கம். இரண்டு பாட்டுகளுக்கு நடுவே ஒரு பெண் குரல் கடிதம் படிக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது ஹாப்பஸின் தாத்தா தன் காதலிக்கு எழுதிய கடிதங்கள் அவை. படிப்பவர் ஜோவான் வேலி என்ற நடிகை. குறும்பு பாடிக்கொண்டிருந்தவன் நிதானித்ததும் முதலில் தேடிப் போனது பாட்டன் வீட்டுப் பெட்டியைத்தான். இது எனக்கு மிகவும் பிடித்த இடம். ஏனென்றால் இதே செயலைப் பதினெட்டு ஆண்டுகள் கழித்து அரக்கோணத்திலிருந்து வந்த ஓர் இளைஞரும் செய்தார்.

அவரைப் பற்றிப் பேசும் முன் கானாவின் பிறப்பிடத்துக்குப் போக வேண்டும். பாப்-பங்க் நிதானத்தைப் புதிதாகக் கற்றுக்கொண்டது. கானாவுக்கு அது பிறவியிலேயே உண்டு. சினிமா வழியாக மட்டும் கானாவை அறிந்தவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். 1996இல் 'காதல் கோட்டை'க்காகத் தேவா தானே பாடிய 'கவலைப்படாதே சகோதரா', 2006இல் 'சித்திரம் பேசுதடி'யில் கானா உலகநாதன் பாடிய 'வாள மீனுக்கும்' என்று திரை எடுத்துக்கொண்ட கானாவெல்லாம் ஆட்டத்துக்கானது, கேலிக்கானது, நண்பர் கூட்டத்துக்கானது. அது கானாவின் ஒரு பாதி. மறுபாதி சாவு வீட்டில் இருக்கிறது. அதற்குப் பெயர் மரண கானா.

வடசென்னையிலும் கடலோரக் குப்பங்களிலும் சாவுக்கு இரண்டு வேகங்கள் உண்டு. பகலில் ஊர்வலம் கிளம்பும்போது சட்டி மேளமும் பறையும் சேர்ந்து அடிக்கும் சாவுக்குத்து ஒன்று. அதில் ஆடாத காலே இல்லை. முந்தின இரவு பாடப்படுவது மற்றொன்று. பிணத்தைத் தனியாக விடக்கூடாது என்பதால் விடிய விடிய விழித்திருப்பவர்களுக்காக ஒருவர் பாடுவார். கையில் டோலக் இருந்தால் டோலக், இல்லையென்றால் மேசையோ குடமோ போதும். போனவரின் பெயர், பெற்றோர், பிள்ளைகள், செய்த வேலை, வாங்கிய கடன், செய்த உதவி எல்லாம் பாட்டில் ஏறும். அந்தப் பெயர் ஒவ்வொரு முறை வரும்போதும் தாளம் கொஞ்சம் பின்வாங்கும். தேர்ந்த பாடகர் பெயருக்கு முன்னால் ஒரு அடி காலியாக விடுவார். வீட்டுப் பெண்கள் விம்முவது அந்தக் காலி அடியில்தான் கேட்கும்.

சென்னையிலிருந்து எழுபது கிலோமீட்டர் தெற்கே, கல்பாக்கத்தை ஒட்டி இருக்கிறது எங்கள் சதுரங்கப்பட்டினம். இங்கே இந்த இரவுப் பாட்டுக்கு ஒரு தனி அர்த்தம் உண்டு. டச்சுக் கோட்டையின் மதிலுக்குள் பழைய கல்லறைகள் இருக்கின்றன. கடல் கடந்து வணிகத்துக்கு வந்து இங்கேயே மாண்டவர்களுக்குக் கனத்த பலகைக் கல், அதில் ஆழமாகச் செதுக்கிய எழுத்து, சுற்றிலும் சிற்ப வேலை. தொல்லியல் துறை காக்கிறது; பார்க்க வருபவர்கள் விரலால் தடவிப் படிக்கிறார்கள். கோட்டைக்கு வெளியே குப்பத்தில் அதே காலத்தில் வாழ்ந்து மாண்டவர்களுக்குக் கல் கிடையாது. வலை இழுத்தவனின் பெயரையும் தறி நெய்தவனின் பெயரையும் எவரும் செதுக்கவில்லை. அவர்கள் பெயர் ஓர் இரவு பாட்டில் இருந்தது, விடிந்ததும் போயிற்று. செதுக்குபவன் ஒரு எழுத்துக்கு எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டானோ அவ்வளவு நேரத்தை இரவுப் பாடகனும் ஒரு பெயருக்குக் கொடுத்தான். மரண கானாவின் நிதானத்துக்கு இதைவிட நேர்மையான காரணம் வேண்டியதில்லை.

அந்தச் சாவு வீட்டிலேயே ஆண்கள் பாடாத இன்னொரு பாட்டும் உண்டு. அது ஒப்பாரி. ஷாமியானாவுக்குக் கீழே பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டு வட்டமாக உட்கார்வார்கள். ஒருத்தி உச்சத்தில் ஒரு விளியை எடுப்பாள். அங்கிருந்து குரல் படிப்படியாக இறங்கும். ஒவ்வொரு படியிலும் ஓர் உயிரெழுத்து இழுபடும். மூன்று மாத்திரை, நான்கு மாத்திரை என்று நீளும் அந்த இழுப்புக்குச் செய்யுளில் அளபெடை என்று பெயர் வைத்தவர்கள் இதை எங்கிருந்து கேட்டிருப்பார்கள் என்று ஐயப்படத் தேவையில்லை. வரி முடியும் இடத்தில் குரல் நிற்காமல் ஒரு தேம்பலாகக் கழன்று விழும். அடுத்தவள் அந்தத் தேம்பலைப் பிடித்துக்கொண்டு தன் வரியைத் தொடங்குவாள். தாளக் கருவி எதுவும் இல்லை. மார்பில் விழும் கைதான் தாளம். பகலில் பெண்களின் ஒப்பாரி, இரவில் ஆண்களின் கானா என்று ஒரே முற்றத்தில் இரண்டும் வாழ்ந்தன. ஆனாலும் மேடைக்கும் திரைக்கும் பெரிதும் போனது கானாதான்.

அந்த அரக்கோணத்து இளைஞரான அறிவு இந்த இடத்தில்தான் வருகிறார். 2018 ஜனவரி 6ஆம் நாள் சென்னை கீழ்ப்பாக்கத்தில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழு முதல் முறையாக மேடையேறியது. பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசைஞர் தென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு அது. அயோத்திதாசப் பண்டிதரின் சிந்தனையிலிருந்து பெயர் எடுத்துக்கொண்டவர்கள். பத்தொன்பது பேர். கானா பாடகர்கள், ராப் பாடகர்கள், பறை, சட்டி, டோலக், கிடார், டிரம் செட் எல்லாம் ஒரே மேடையில். பங்க் இசையின் கோபம் தமிழில் இருந்தால் எப்படி இருக்கும் என்று கேட்பவர்களுக்கு அந்த மேடையே பதில். அங்கே அறிவின் ராப் சீறியது. அடுத்த ஆண்டு இசைஞர் ஆஃப்ரோவுடன் சேர்ந்து தந்த 'தெருக்குரல்' தொகுப்பிலும் அதே சீற்றம். வல்லினத்தின் மேல் வல்லினமாக அடுக்கி, மூச்சுவிட இடமில்லாமல் எதிராளியைச் சுவர்வரை தள்ளிக்கொண்டு போகும் மொழி. கேள்விகளை அவர் கேட்கும் வேகத்தில் பதில் யோசிக்க நேரமிருக்காது. அந்த வேகமே அந்தப் பாட்டுகளின் வாதம்.

2021 மார்ச்சில் 'எஞ்சாய் எஞ்சாமி' வந்தது. 'நான் நீ' பாடிய தீக்ஷிதா, தீ என்ற பெயரில், அறிவுடன் சேர்ந்து பாடினார்; இசை சந்தோஷ் நாராயணன். உலகமே ஆடிய பாட்டுத்தான்; ஆனால் ஆடியவர்கள் பலரும் கடந்துபோன இடங்கள் அதில் இருக்கின்றன. அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர். காடு திருத்தியவர்களுக்குக் காணி நிலம் இல்லாமல் போன கதையைப் பேரன் அவரிடமிருந்து கேட்டார். அந்தக் கதையும் அதைச் சொன்ன ஒப்பாரியின் நடையும்தான் இந்தப் பாட்டின் எலும்பு. தீயின் குரலில் வரும் பகுதி காட்டுப் பறவையின் கூவலைப்போல லேசாகத் தொடங்குகிறது. அறிவு நுழையும்போது 'தெருக்குரல்' கேட்டவர்கள் எதிர்பார்ப்பது அம்பு மழையை. வருவதோ கதை சொல்லும் குரல். ராப்பின் அடுக்கு இருக்கிறது, ஆனால் அடுக்குக்கு நடுவே பாட்டியின் பேச்சு நிதானம் இருக்கிறது.

பாட்டு முடிவை நெருங்கும்போது அவர் ராப்பை விட்டே இறங்கிவிடுகிறார். உச்சத்தில் ஒரு விளி, பிறகு படிப்படியாக இறக்கம், ஒவ்வொரு படியிலும் இழுபடும் உயிர், கடைசியில் கழன்று விழும் தேம்பல். பெண்கள் வட்டத்தின் இலக்கணம் அப்படியே ஓர் ஆணின் தொண்டையில் வருகிறது. எதிரியைச் சுவரில் சாய்த்துக் கேள்வி கேட்ட அதே வாய், இப்போது மண்ணையும் கடலையும் கூப்பிட்டு முறையிடுகிறது. கோபம் குறைந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நான் ஏற்கமாட்டேன். நிலமில்லாமல் போனதற்கான கணக்கு இந்தப் பாட்டில்தான் முழுதாக வைக்கப்பட்டிருக்கிறது. வேகப் பாட்டு எதிராளியின் காதுக்காகப் பாடப்பட்டது. இது தன் பாட்டியின் காதுக்காகப் பாடப்பட்டது. கேட்பவர் மாறியதால் வேகம் மாறியது. காணொளியில் வள்ளியம்மாளும் தோன்றுகிறார், அரசிக்குரிய மதிப்போடு. 2024இல் அறிவு தன் தொகுப்புக்கு 'வள்ளியம்மா பேராண்டி' என்றே பெயர் வைத்தார்.

ஹாப்பஸ் தாத்தாவின் கடிதத்தை எடுத்தார், அறிவு பாட்டியின் ஒப்பாரியை எடுத்தார். கடிதம் எழுதி வைக்கப்பட்டது, அதனால் பெட்டியில் கிடைத்தது. ஒப்பாரிக்குப் பெட்டி கிடையாது, அது பாட்டியின் மூச்சில் மட்டுமே இருந்தது. ஆகவே நம் இளைஞனுக்கு அதைப் படித்தால் போதவில்லை. அந்த மூச்சையே கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. வேகமாகப் பாடுபவனால் அந்த மூச்சைக் கற்க முடியாது. இசை முதிர்ச்சி அடைகிறது என்று நாம் சொல்வதன் உள்ளே இப்படி ஒரு வேலை நடந்திருக்கிறது. தன் தலைமுறையின் குரலால் மட்டும் பாடிக்கொண்டிருந்தவர் தனக்கு முந்தியவர்களின் குரலுக்குத் தொண்டையில் இடம் கொடுக்கிறார்.

தென்மாவிடமும் இதே அசைவைக் காண்கிறேன். பத்தொன்பது பேரை ஒரே முழக்கமாகக் கட்டி நிறுத்தியவர் 2022இல் 'நட்சத்திரம் நகர்கிறது' படத்துக்கு இசையமைத்தார். புதுச்சேரியில் ஒரு நாடகக் குழு காதலைப் பற்றியும் சாதியைப் பற்றியும் விவாதிக்கும் படம். முழக்கத்துக்குப் பழகிய இசைஞருக்கு இருவர் அறைக்குள் சண்டையிட்டு ஓயும் நேரத்துக்கு இசை போடுவது வேறு வேலை. எங்கே வாசிக்கக் கூடாது என்று முடிவெடுக்கும் வேலை அது.

இந்த நிதானத்தைக் கண்டு சிலர் வருந்துகிறார்கள். கானாவின் குத்து போய்விட்டது, சீற்றம் அடங்கிவிட்டது என்கிறார்கள். அந்த அன்பை நான் மதிக்கிறேன். அட்டகத்திப் பாட்டுகள் இன்றும் கல்யாண வீட்டில் ஒலித்தால் என் காலும் எழும். ஆனால் குத்து எங்கும் போகவில்லை. ஊர்வலத்தின் வேகமும் விழித்திருக்கும் இரவின் நிதானமும் ஒரே சாவு வீட்டில் பிறந்தவை. ஒன்றுக்கு மட்டும் முப்பது ஆண்டுகளாகத் திரையில் இடம் கிடைத்தது. இப்போது மற்றொன்றும் வந்து உட்கார்கிறது. இரண்டையும் சேர்த்துக் கேட்கும்போதுதான் கானா முழு உருவம் பெறுகிறது.

இனி நடக்க வேண்டியது ஒன்று உண்டு. ஆண்களின் கோட்டையாக இருந்த கானாவுக்குள் பாடகி இசைவாணி வந்து நிமிர்ந்து நின்றார். 2020இல் பிபிசி தேர்ந்த நூறு பெண்களில் ஒருவரானார். அவரைப் போன்றவர்கள் மரண கானாவையும் ஒப்பாரியையும் சேர்த்து, ஒரு டோலக்கையும் குரலையும் மட்டும் வைத்து, முழு நீளத்தில் ஒரு தொகுப்பாகப் பாட வேண்டும். நடனத்துக்காகச் சுருக்காத, காலி அடிகளை நிரப்பாத தொகுப்பு. இந்தக் கடற்கரையில் இன்னும் பாடத் தெரிந்த ஆயாக்கள் இருக்கிறார்கள். மைக்கை அவர்கள் பக்கத்தில் வைத்து, அவர்கள் மூச்சு முடியும்வரை பதிவை நிறுத்தாமல் விட்டால் போதும்; அடுத்த அறிவுக்குக் கற்க ஒரு பெட்டி கிடைக்கும்.